விழுங்கியதும் செய்தி அனுப்பும் மாத்திரை: ப்ரோட்டியஸ்–ஒட்சுகா கூட்டு ஒரு நிகழ்வு ஆய்வு

2017 நவம்பர் 13 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. மருந்து பழையதுதான். அரிப்பிப்ரசோல் என்ற அந்த மனநோய் மருந்து, அபிலிஃபை என்ற பெயரில் 2002 முதல் அங்கே விற்பனையில் இருந்தது. புதிதாகச் சேர்ந்தது, மாத்திரைக்குள் பதித்த மணல் பருமனான ஒரு சென்சார். மாத்திரை வயிற்றுக்குள் போனதும் அது சமிக்ஞை கொடுக்கும். நோயாளி மருந்தை விழுங்கிவிட்டார் என்று கைப்பேசிக்குச் செய்தி போகும். 'அபிலிஃபை மைசைட்' என்று பெயர் வைத்தார்கள். முதல் டிஜிட்டல் மாத்திரை என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது.

அந்த மாத்திரையோடு வந்த லேபிளில் ஒரு வாக்கியம் இருந்தது. நோயாளி மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்வதை இந்தத் தயாரிப்பு மேம்படுத்தும் என்பது நிறுவப்படவில்லை என்று அது சொன்னது. தலைப்புச் செய்திகளில் இந்த வாக்கியத்துக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த மூன்று வருடத்தில் நடந்ததெல்லாம் ஏறக்குறைய இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது.

சென்சாரைச் செய்த ப்ரோட்டியஸ் டிஜிட்டல் ஹெல்த் என்ற ஸ்டார்ட்-அப் 2020 ஜூனில் திவால் மனு கொடுத்தது. ஒரு காலத்தில் அதன் மதிப்பு 150 கோடி டாலர். அதே ஆண்டு ஆகஸ்டில் அதன் சொத்துகளை 1.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது யார் என்றால், மாத்திரையைக் கூடச் சேர்ந்து செய்த ஜப்பானிய மருந்து நிறுவனமான ஒட்சுகாவேதான். நூறில் ஒரு பங்கு விலை.

சுகாதாரத் துறையில் பெரிய நிறுவனமும் ஸ்டார்ட்-அப்பும் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றிப் பேசும்போது வேகம், கலாசாரம், பரஸ்பர நம்பிக்கை என்று சில வார்த்தைகள் வழக்கமாக வரும். இந்தக் கூட்டில் அவை பெரிய சிக்கலாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பொறியியல் வேலை செய்தது. ஒழுங்குமுறை அமைப்பின் வாசலை இருவரும் சேர்ந்தே தாண்டினார்கள். எந்த நோய்க்கு, எந்த மருந்தில் இதை முதலில் வைப்பது என்ற கேள்வியில்தான் வண்டி தடம் மாறியது. அந்தக் கேள்விக்கான பதிலை நோயாளியின் தேவை தீர்மானிக்கவில்லை. பெரிய நிறுவனத்தின் கையில் எந்த மருந்து இருந்தது என்பது தீர்மானித்தது.

சென்சார் எப்படி வேலை செய்தது

சென்சார் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகல நீளமுள்ள சிலிக்கான் சில்லு. ஒரு பக்கம் மக்னீசியம், மறுபக்கம் தாமிரச் சேர்மம். உள்ளே பேட்டரி கிடையாது. இரைப்பை நீர் பட்டதும் இரண்டுக்கும் இடையே மின்னோட்டம் உண்டாகிறது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் எலுமிச்சம்பழத்தில் இரண்டு கம்பி குத்தி விளக்கு எரிய வைப்பதன் தத்துவம்தான் இது. அந்தச் சொற்ப மின்சாரத்தில் சில்லு சில நிமிடம் உயிரோடு இருந்து தன் அடையாள எண்ணை உடலின் வழியாகவே அனுப்பும். இடது விலாப் பக்கம் ஒட்டியிருக்கும் ஒரு பேட்ச் அதைப் பிடித்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, ப்ளூடூத் வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பும். வேலை முடிந்த சில்லு மலத்தோடு வெளியேறிவிடும். பேட்ச்சை வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும். அது நடமாட்டத்தையும் ஓய்வையும் பதிவு செய்யும். மனநிலை எப்படி என்பதை நோயாளி தானாக ஆப்பில் குறிக்க வேண்டும். தன் தகவலை மருத்துவர் பார்க்கலாமா, குடும்பத்தாரோ நண்பர்களோ இன்னும் நான்கு பேர் வரை பார்க்கலாமா என்பதற்கு நோயாளி ஒப்புதல் தர வேண்டும். கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

இதன் எல்லைகளையும் லேபிள் ஒளிக்கவில்லை. விழுங்கியது பதிவாக அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். சில நேரம் பதிவாகாமலே போகலாம். அதனால் அவசர நிலைகளில் இதை நம்பக் கூடாது.

சென்சார் எதையும் குணப்படுத்துவதில்லை என்பது முக்கியம். மருந்தை மறக்காமல் இருக்க வைப்பதும் இல்லை. நடந்ததை நடந்தது என்று சொல்லும், அவ்வளவுதான். அந்தச் செய்தி யாருக்கு எவ்வளவு மதிப்புள்ளது என்பதில்தான் வியாபாரம் முழுவதும் இருந்தது.

இரண்டு வீட்டு நிலவரம்

ப்ரோட்டியஸ் 2001-இல் ஆண்ட்ரூ தாம்சன், ஜார்ஜ் சாவேஜ், மார்க் ஸ்டெப்லிக் ஆகியோர் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் தலைமையகம். நீண்டகால நோயுள்ளவர்களில் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் மருந்தைச் சரியாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் ஓர் அறிக்கையில் சொல்லியிருந்தது. முதலீட்டாளர்களுக்கு இதைவிட நல்ல வாசகம் கிடைக்காது. உலகில் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் எங்கள் சந்தை என்று சொல்ல முடிந்தது. 2010-இல் சுவிஸ் மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸ் 2.4 கோடி டாலர் கொடுத்துக் கைகோத்தது. மெட்ரானிக், ஆரக்கிள் போன்ற பெயர்களும் முதலீட்டாளர் பட்டியலில் சேர்ந்தன. மொத்தத்தில் சுமார் 50 கோடி டாலர் திரட்டினார்கள். ஐரோப்பிய அனுமதி 2010-இல் வந்தது. சென்சாரை ஒரு மருத்துவக் கருவியாக எஃப்.டி.ஏ. 2012 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. அதே மாதம் ஒட்சுகாவுடனான கூட்டு அறிவிப்பும் வந்தது.

ஒட்சுகாவை நம்மில் பலருக்கு மருந்து நிறுவனமாகத் தெரியாது. பொக்காரி ஸ்வெட் பானம் அவர்களுடையதுதான். 1921-இல் ஜப்பானின் நாருட்டோவில் தொடங்கிய குடும்ப நிறுவனம். தன் ஆய்வகத்திலேயே அரிப்பிப்ரசோலைக் கண்டுபிடித்தது. அந்த ஒரு மருந்து அவர்களை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனது. 2013, 2014 காலத்தில் அமெரிக்காவில் விற்பனைத் தொகையில் முதல் இடத்தில் இருந்த மருந்து அபிலிஃபை. ஆண்டுக்கு 600 கோடி டாலருக்கு மேல்.

உயரத்தில் நிற்பவருக்குக் கீழே இருக்கும் பள்ளம் நன்றாகத் தெரியும். காப்புரிமைப் பாதுகாப்பு 2015-இல் முடியப் போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று எஃப்.டி.ஏ. முதல் ஜெனரிக் அரிப்பிப்ரசோல்களை, அதாவது வேறு நிறுவனங்கள் செய்யும் அதே மருந்தை, அனுமதித்தது. நான்கு நிறுவனங்கள்: ஆலெம்பிக், ஹெட்டெரோ, டொரென்ட், தேவா. முதல் மூன்றும் இந்திய நிறுவனங்கள். சில மாதங்களில், 2015 செப்டம்பரில், சென்சார் பதித்த அபிலிஃபைக்கான விண்ணப்பத்தை எஃப்.டி.ஏ. பரிசீலனைக்கு ஏற்றது. இரண்டு தேதிகளும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதைத் தற்செயல் என்று நினைக்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

இதை வைத்து ஒட்சுகாவைத் திட்டத் தேவையில்லை. பழைய மருந்துக்கு ஒரு புது வடிவம் கொடுப்பது மருந்துத் தொழிலில் சகஜம். ஒட்சுகா அதை வேறு இரண்டு வழிகளிலும் செய்துகொண்டிருந்தது: லுண்ட்பெக் நிறுவனத்தோடு சேர்ந்து, மாதம் ஒரு முறை போடும் ஊசியாக அபிலிஃபை மெயின்டெனாவை 2013-இல் கொண்டுவந்தது, 2015-இல் ரெக்சல்ட்டி என்ற புது மருந்துக்கு அனுமதி வாங்கியது. ஆக மூன்று குதிரைகள். அதில் ஒன்றின் மேல் ப்ரோட்டியஸ் ஏறிக்கொண்டது.

கவனியுங்கள், பெரிய நிறுவனத்துக்கு இது மூன்றில் ஒன்று. ஸ்டார்ட்-அப்புக்கு இதுதான் எல்லாமே.

ஊசியோடு போட்டி

மாதாந்திர ஊசி என்று சொன்னேனே, அங்கே கொஞ்சம் நிற்கலாம். இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான்.

மனச்சிதைவு நோயுள்ள ஒருவர் மாத்திரையை விட்டுவிட்டு விட்டுவிட்டு எடுக்கிறார், நோய் திரும்புகிறது, மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வருகிறது. இதுதான் ஒட்சுகாவும் ப்ரோட்டியஸும் தீர்க்கப் புறப்பட்ட பிரச்சினை. இதற்கு மனநல மருத்துவர் கையில் ஏற்கெனவே ஓர் உபாயம் இருந்தது: நீண்ட நாள் வேலை செய்யும் ஊசி. அதே அரிப்பிப்ரசோல், அதே நிறுவனம், மாதம் ஒரு குத்து. போட்டால் மருந்து உடலில் இருக்கிறது. யாரும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஊசிக்கு வரவில்லை என்றால் மருத்துவமனைக்கு அன்றே தெரிந்துவிடும். சென்சார் மாத்திரையோ, விழுங்கினாரா இல்லையா என்ற செய்தியை மட்டும் தரும். அதற்கும் நோயாளி பேட்ச் ஒட்டியிருக்க வேண்டும், கைப்பேசியில் சார்ஜ் இருக்க வேண்டும், ஆப் இயங்க வேண்டும், ஒப்புதலைத் திரும்பப் பெறாமல் இருக்க வேண்டும்.

மாத்திரையை ஒழுங்காக விழுங்காத ஒருவர், பேட்ச்சை மட்டும் ஒழுங்காக மாற்றுவார் என்பது இந்த வடிவமைப்பின் அடியில் இருந்த நம்பிக்கை. இவ்வளவும் ஒழுங்காகச் செய்யக்கூடியவருக்கு இந்தக் கருவி எவ்வளவு தேவைப்படும்?

இன்னொரு எதிர்ப்பு அனுமதி வந்த நாளிலிருந்தே எழுந்தது. யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள், உடம்புக்குள் எதையோ வைத்துவிட்டார்கள் என்ற எண்ணம் மனச்சிதைவின் அறிகுறிகளில் ஒன்றாகப் பலருக்கு வருவது. அந்த நோய்க்கான மருந்திலேயே உண்மையாகவே ஒரு கண்காணிப்புக் கருவியை வைப்பதா என்று மனநல மருத்துவர்கள் சிலர் வெளிப்படையாகவே கேட்டார்கள். ஒப்புதல் படிவம் இருக்கிறது என்பது சட்டத்துக்கான பதில். தனியாக விடப்பட்ட, நீதிமன்ற உத்தரவின்பேரில் சிகிச்சை பெறும் நோயாளிகள் விஷயத்தில் அந்த ஒப்புதல் எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வி அப்படியே இருந்தது.

இந்தச் சென்சார் முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடங்களை வரிசைப்படுத்தினால், என் கணக்கில் மனச்சிதைவு கடைசியில் வரும்.

அனுமதிப் பாதையும் அதன் விலையும்

ப்ரோட்டியஸுக்கு உண்மையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சென்சாரையும் ஏற்கெனவே உள்ள மாத்திரையையும் ஒரே கேப்ஸ்யூலுக்குள் மருந்தகத்தில் சேர்த்து அடைப்பது. சென்சாருக்குக் கருவி அனுமதி இருந்ததால் இதை வேகமாகச் செய்ய முடிந்தது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வராதவர்களிடம் இந்த முறையில் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2017-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையைவிட இரத்த அழுத்தம் நன்றாகக் குறைந்திருந்தது. எண்ணிக்கை நூறைச் சற்றுத் தாண்டும், ஆனாலும் நம்பிக்கை தரும் ஆரம்பம்.

இரண்டாவது வழி, தொழிற்சாலையிலேயே மருந்துக்குள் சென்சாரைப் பதிப்பது. அப்படிச் செய்தால் அது புது மருந்து. முழு விண்ணப்பம் வேண்டும், ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக. உலகின் எல்லா மாத்திரைக்கும் பொருந்தும் தளம் என்று சொல்லிக்கொண்ட நிறுவனம், இந்த வழியில் நுழைந்ததும் ஒரு மாத்திரையின் தலைவிதியோடு கட்டுண்டது. ஒட்சுகாவுக்கு இந்த வழிதான் வேண்டும். கேப்ஸ்யூலில் யார் வேண்டுமானாலும் ஜெனரிக்கை அடைக்கலாம், பதித்த மாத்திரை அவர்களுக்கு மட்டும் உரியது.

2016 ஏப்ரலில் எஃப்.டி.ஏ. அனுமதி தராமல் திருப்பி அனுப்பியது. நிஜ வாழ்க்கைச் சூழலில் நோயாளிகள் இதை எப்படிப் பயன்படுத்துவார்கள், எங்கே தவறுவார்கள் என்பதற்கு இன்னும் தகவல் கேட்டது. அதைச் சேர்த்துக் கொடுத்து அனுமதி வாங்க இன்னும் ஒன்றரை வருடம். ஒட்சுகாவுக்கு ஒன்றரை வருடம் ஒரு தாமதம். மாதாமாதம் சம்பளத்துக்கு முதலீட்டாளரை நம்பியிருக்கும் நிறுவனத்துக்கு அது வேறு.

அனுமதி வந்த பிறகும் லேபிளில் அந்த வாக்கியம் நின்றது. இதனால் நோயாளி கூடுதலாக மருந்து எடுத்தார், அல்லது மருத்துவமனைக்குக் குறைவாகப் போனார் என்று காட்டும் பெரிய ஒப்பீட்டு ஆய்வு எதுவும் விண்ணப்பத்தில் இல்லை. சென்சார் சரியாகப் பதிவு செய்கிறதா என்பதைத்தான் நிரூபித்திருந்தார்கள். எஃப்.டி.ஏ.வுக்கு அது போதும். காசு கொடுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போதாது.

மாதத்துக்குச் சுமார் 1,650 டாலர் என்று விலை வைத்தார்கள். சென்சார் இல்லாத ஜெனரிக் அரிப்பிப்ரசோல் அதில் மிகச் சிறிய பகுதிக்குக் கிடைத்தது. அந்த இடைவெளிக்குக் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் கேள்வி எளிமையானது: இந்தக் கூடுதல் பணத்தால் எனக்கு எங்கே மிச்சமாகும்? பதில் சொல்லும் ஆய்வு கையில் இல்லை. மகெல்லன் ஹெல்த் போன்ற ஓரிரு காப்பீட்டுத் திட்டங்களோடு சிறு அளவில் தொடங்கி மெல்லப் பார்க்கலாம் என்று ஒட்சுகா முடிவு செய்தது. நிதானமான, தவறு சொல்ல முடியாத முடிவு. ஆனால் ப்ரோட்டியஸிடம் நிதானத்துக்குக் காசு இல்லை.

ஒட்சுகா தரப்பு நடத்திய ஆய்வு ஒன்று, இந்த மாத்திரையோடு மனநல மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததாகப் பின்னால் காட்டியது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல், அதே நோயாளிகளின் முந்தைய ஆறு மாதத்தையும் பிந்தையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு. அது 2022-இல் பிரசுரமானது. அப்போது ப்ரோட்டியஸ் இல்லை.

இதற்கிடையே மருத்துவ ஆய்விதழ்களில் 'டிஜிட்டல் எவர்கிரீனிங்' என்ற குற்றச்சாட்டும் வந்தது. காலாவதியாகும் காப்புரிமையைச் சிறு மாற்றம் செய்து நீட்டிப்பதைத்தான் எவர்கிரீனிங் என்பார்கள். இந்தியாவில் இதற்குத் தடை போடும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2007-இல் தோற்றதும், அதன் புற்றுநோய் மருந்தான கிளிவெக் வழக்கு 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்ததும் நமக்குப் பழகிய கதை. மைசைட் விஷயத்தில் இந்தக் குற்றச்சாட்டு பாதிதான் பொருந்தும் என்பது என் கருத்து. நோக்கம் அதுவாக இருந்திருக்கலாம். ஆனால் ஜெனரிக் அரிப்பிப்ரசோல் வருவதை இது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை. விலை மலிந்த மருந்து கடையில் கிடைத்துக்கொண்டேதான் இருந்தது. மருத்துவர்களும் காப்பீட்டாளர்களும் இரண்டையும் பார்த்துவிட்டு மலிவானதை எடுத்தார்கள்.

அவிழ்ந்த விதம்

2018 அக்டோபரில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். ஐந்து வருடத்தில் 8.8 கோடி டாலர் தர ஒட்சுகா ஒப்புக்கொண்டது. வெளியிலிருந்து பார்க்க இது கூட்டு பலமாகிறது என்று தெரிந்தது. உள்ளே இதன் அர்த்தம், ப்ரோட்டியஸின் வருமானத்தில் பெரும்பகுதி ஒரே கையிலிருந்து வருகிறது என்பது. ஒரே வாடிக்கையாளர், அவரே முதலீட்டாளர், அவரே தொழில்நுட்பத்துக்கு உரிமம் வைத்திருப்பவர்.

ப்ரோட்டியஸ் வேறு வழியும் தேடாமல் இல்லை. 2019 ஜனவரியில் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனைகளோடு சேர்ந்து, புற்றுநோய்க்கான கேப்பசிட்டபின் மாத்திரையைச் சென்சாரோடு கொடுக்கத் தொடங்கியது. வீட்டில் இருந்தபடியே கீமோ மாத்திரை எடுப்பவர்களுக்கு இது மனச்சிதைவைவிடப் பல மடங்கு பொருத்தமான இடம்: டோஸ் தப்பினாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து, நோயாளியே தகவல் தர விரும்புவார். தொற்று நோய்களுக்குள்ளும் போக முயன்றார்கள். ஆனால் நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. 2019 இறுதியில் 10 கோடி டாலர் திரட்ட எடுத்த முயற்சி கைகூடவில்லை. நவம்பரில் ஊழியர்களில் பெரும்பாலோரை இரண்டு வாரம் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினார்கள். 2020 தொடக்கத்தில் ஒட்சுகாவுடனான ஒப்பந்தம் காலத்துக்கு முன்பே முடிந்தது. ஜூனில் திவால் நீதிமன்றம், ஆகஸ்டில் விற்பனை.

சேத்துப்பட்டில் கேட்ட பழைய கேள்வி

'நோயாளி நிஜமாகவே விழுங்கினாரா?' என்ற கேள்வியைச் சிலிக்கான் பள்ளத்தாக்கு கண்டுபிடிக்கவில்லை. அதை அறிவியலாகக் கேட்ட இடங்களில் முக்கியமானது சென்னை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், சென்னை மாநில அரசு நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மையத்தைத் தொடங்கின. சானடோரியம் என்ற காசநோய் மருத்துவ விடுதியில் படுக்க வைத்துக் கொடுக்கும் அதே மருந்தை வீட்டிலிருந்து எடுத்தாலும் குணமாகுமா என்பது சோதனை. 193 நோயாளிகள். குணமாகும் என்று 1959-இல் முடிவு வந்தது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூட அது ஒரு காரணம்.

வீட்டில் இருப்பவர் மாத்திரையை எடுத்தாரா என்று எப்படித் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் மையத்தை வழிநடத்திய வாலஸ் ஃபாக்ஸ், நோயாளி விழுங்குவதை யாராவது நேரில் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். பின்னாளில் 'டாட்ஸ்' என்று நம் ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் எழுதப்பட்டது அந்த யோசனையின் வழித்தோன்றல்.

காசநோயில் விழுங்கியதா இல்லையா என்ற வெறும் செய்திக்கே விலை உண்டு. ஏனென்றால் அதை அறிய அரசுகள் ஏற்கெனவே ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்கின்றன. மருந்து தப்பினால் ஒருவர் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமி ஊருக்குப் பரவுகிறது. சிகிச்சை ஆயுள் முழுக்க இல்லை, சில மாதங்களில் முடிந்துவிடும். பேட்ச் ஒட்டும் பொறுமை அதுவரை தாங்கும்.

கலிஃபோர்னியாவில் ப்ரோட்டியஸ் சென்சாரை வைத்தே இதைச் சோதித்தார்கள். 2019-இல் வந்த முடிவு: நேரில் பார்த்துக் கொடுக்கும் முறையில் 63% டோஸ்கள்தான் உறுதி செய்யப்பட்டன, சென்சாரில் 93%. வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் சாதாரணமானது. பார்க்க வரும் ஊழியருக்குச் சனி, ஞாயிறு விடுமுறை, சென்சாருக்குக் கிடையாது.

ஆக, எந்த நோய்க்கு இந்தக் கருவி பொருந்தும் என்று காட்டும் நல்ல ஆய்வு கைக்கு வந்தது. அதற்குள் நிறுவனத்தின் பணமும் காலமும் மனச்சிதைவில் கரைந்திருந்தன.

இன்னொன்றும் இருக்கிறது. பல மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு அரை நூற்றாண்டில் வந்த விரல் விட்டு எண்ணக்கூடிய புது மருந்துகளில் ஒன்று டெலமனிட். 2014-இல் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அனுமதி பெற்றது. அதைக் கண்டுபிடித்தது ஒட்சுகா. பெரிய மருந்து நிறுவனங்கள் கைவிட்ட காசநோய் ஆராய்ச்சியை விடாமல் பிடித்திருந்த வெகுசிலரில் அவர்கள் ஒருவர். அதாவது சென்சாரும் காசநோய் மருந்தும் இரண்டும் ஒரே கூட்டின் மேசை மேல் இருந்தன. ஆனாலும் சந்தைக்கு வந்த ஒரே பதித்த மாத்திரை அபிலிஃபைதான். காசநோய் நோயாளிகள் இருக்கும் நாடுகளில் மாதம் 1,650 டாலர் கொடுக்க யாரும் இல்லை.

இந்தியா அதே பிரச்சினைக்கு மலிவான வழி தேடியது. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவில் பிறந்து எவர்வெல் நிறுவனத்தின் கைக்கு வந்த 99டாட்ஸ் முறையில், மாத்திரை அட்டையின் மேல் ஓர் உறை; மாத்திரையைப் பிதுக்கினால் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும்; அதற்கு ஒரு மிஸ்டு கால். இதைச் சிறுநீர்ச் சோதனையோடு சென்னை, வேலூர், மும்பையில் ஒப்பிட்டபோது துல்லியம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. கால் கொடுத்தவர் எல்லாம் விழுங்கவில்லை, விழுங்கியவர் எல்லாம் கால் கொடுக்கவில்லை. துல்லியமான கருவி விலையில் தோற்றது, மலிவான கருவி துல்லியத்தில் தடுமாறியது. நடுவில் இருந்த இடத்தைக் கைப்பேசிக் கேமரா பிடித்துக்கொண்டது: நோயாளி விழுங்குவதை வீடியோவாக அனுப்புவதை, நேரில் பார்ப்பதற்கு இணையாக அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.சி. 2023-இல் ஏற்றது.

வேறு இரண்டு கூட்டுகள், பக்கத்தில் வைத்துப் பார்க்க

ஃபைசரும் பயோன்டெக்கும் சேர்ந்து செய்த கோவிட் தடுப்பூசி எல்லாருக்கும் தெரிந்த வெற்றி. அதன் ஒப்பந்த அமைப்பை மட்டும் கவனிக்கிறேன். இரண்டும் 2018-லேயே ஃப்ளூ தடுப்பூசிக்காகச் சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தன, அதனால் 2020 மார்ச்சில் புது அறிமுகம் தேவைப்படவில்லை. ஃபைசர் முதலில் கொடுத்த 18.5 கோடி டாலரில் 11.3 கோடி, பங்குகளுக்கான விலை. வளர்ச்சிச் செலவு சரிபாதி, லாபமும் சரிபாதி; பயோன்டெக் தன் பாதிச் செலவைப் பின்னால் விற்பனையிலிருந்து கட்டலாம். காசு தீர்ந்து சின்னவர் நடுவழியில் விழ மாட்டார் என்பதை ஒப்பந்தமே பார்த்துக்கொண்டது. வாங்க அரசுகள் வரிசையில் நின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாக் கூட்டுக்கும் கொள்ளைநோய் வாய்க்காது.

மற்றது நோவார்ட்டிஸின் அப்போதைய கிளையான சான்டோஸும் பேர் தெரப்யூட்டிக்ஸ் என்ற ஸ்டார்ட்-அப்பும். போதைப்பழக்கத்துக்கான ஆப் சிகிச்சை ரீசெட், 2017 செப்டம்பரில் எஃப்.டி.ஏ. ஏற்றது. 2018-இல் சான்டோஸ் விற்பனைப் பொறுப்பை எடுத்தது. அடுத்த வருடமே கைவிட்டது. மலிவு ஜெனரிக் விற்றுப் பழகிய விற்பனைப் பிரிவிடம், மருத்துவர்களும் காப்பீட்டாளர்களும் கேள்விப்படாத ஒரு பொருளைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? பேர் தெரப்யூட்டிக்ஸ் 2023 ஏப்ரலில் திவாலானது. அங்கேயும் அனுமதி இருந்தது, பணம் கட்ட ஆள் இல்லை.

ஒப்பந்த மேசையில்

இந்தக் கதையை ஸ்டார்ட்-அப் பக்கம் உட்கார்ந்து படிப்பவருக்கு, நான் முதலில் சுட்டிக்காட்டுவது முதல் நோயைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. பெரிய நிறுவனம் தன்னிடம் உள்ள மருந்தைக் கொண்டுவரும், அதில் அதற்கு வசதியானதைக் கொண்டுவரும், இயல்புதான். அந்த மருந்து நம் கருவிக்கு மோசமான இடம் என்றால், பத்து வருடம் கழித்து வரும் ராயல்டிக்கு அதிக சதவீதம் கேட்டு வாங்கியும் பயனில்லை. அடுத்தது, பலன் நிரூபிக்கும் ஆய்வின் செலவு. அனுமதிக்கான ஆய்வும் காப்பீட்டாளருக்கான ஆய்வும் வேறு வேறு என்பதை ஒப்புக்கொண்டு, இரண்டாவதற்கும் யார் பணம், எந்தத் தேதிக்குள் என்று முதல் நாளே எழுதியிருந்தால், 2022-இல் வந்த முடிவு போன்ற ஒன்று 2018-லேயே வந்திருக்கலாம். முடிவு பாதகமாக வந்திருந்தாலும் லாபம்தான். காலம் மிஞ்சியிருக்கும்.

பெரிய நிறுவனத்தின் பக்கம் பார்த்தால், ஒட்சுகா இந்த விவகாரத்தில் அதிகம் இழக்கவில்லை. கடைசியில் 1.5 கோடி டாலரில் தொழில்நுட்பமும் காப்புரிமைகளும் வந்துவிட்டன. ஆனால் அதை வளர்த்த ஆட்கள் கலைந்துபோனார்கள். காப்புரிமைக் கட்டு கைவசம் இருப்பது ஒன்று, புற்றுநோய்க்கும் காசநோய்க்கும் அதைக் கொண்டுபோகத் துடித்த குழு இருப்பது வேறு.

அப்புறம், ஒட்சுகா டிஜிட்டல் பக்கமே போகாமல் ஒதுங்கிவிடவும் இல்லை. ப்ரோட்டியஸ் தள்ளாடிக்கொண்டிருந்த அதே 2019-இல் கிளிக் தெரப்யூட்டிக்ஸ் என்ற நியூயார்க் ஸ்டார்ட்-அப்போடு புது ஒப்பந்தம் போட்டது. அதிலிருந்து வந்த ரீஜாய்ன் என்ற ஆப்பை, மனச்சோர்வுக்கு மருந்தோடு சேர்த்துப் பயன்படுத்த 2024-இல் எஃப்.டி.ஏ. ஏற்றது. இந்த முறை மாத்திரைக்குள் எதையும் பதிக்கவில்லை. பழைய மருந்து எதையும் காப்பாற்ற வேண்டிய வேலையும் அதற்கு இல்லை. காப்பீட்டாளர்கள் பணம் கட்டுவார்களா என்ற கேள்வி மட்டும் இதற்கும் உண்டு.